முதலைக்கு மயில் உறவு

தோல், செதில், இறகு, ஓடு, முள் ஆகியவை ஓர் உயிரினத்தின் வெளியமைப்பு. எலும்பு, இதயம், நரம்பு, இரைப்பை ஆகியவை உள்ளமைப்பு. ஓர் உயிர் எங்கே, எப்படி வாழ்கிறது என்பதை வெளியமைப்பு பெரிதும் காட்டிவிடும். அது எந்த மரபில் வந்தது என்பதை அறியப் பெரும்பாலும் உள்ளே பார்க்க வேண்டும். திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, மலைச்சரிவு, மாவட்டத்தில் உள்ள சாத்தனூர் அணை ஆகிய இடங்களில் காணும் உயிர்களைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம்.

சட்டகம் எங்கே?

பாறை இடுக்கில் பதுங்கும் தேளுக்கு எலும்பே கிடையாது. கைட்டின் என்னும் பொருள் கலந்த கடினமான மேலுறைதான் அதன் சட்டகம். தசைகள் பெரும்பாலும் அந்த உறையின் உட்புறத்தைப் பற்றியிருக்கும். உறை வளராது என்பதால், தேள் வளர வேண்டுமானால் பழைய உறையை முழுதாகக் கழற்ற வேண்டும். அதே பாறையில் வெயில் காயும் ஓணானுக்குச் சட்டகம் உடலுக்குள் இருக்கிறது. எலும்பு உயிருள்ள திசு. உடலோடு சேர்ந்து வளரும். ஓணானும் தோலுரிக்கும், ஆனால் உரிவது மேல்தோல் மட்டுமே. தேளின் நரம்பு வடம் வயிற்றுப் பக்கமாக ஓடுகிறது; ஓணானின் தண்டுவடம் முதுகெலும்புக்குள் ஓடுகிறது.

உருவம் வேறு, எலும்பு ஒன்று

கிரிவலப் பாதையில் திரியும் குரங்கின் கை, மலைக்காட்டுப் புள்ளிமானின் முன்னங்கால், வௌவாலின் சிறகு மூன்றும் தோற்றத்தில் வெவ்வேறானவை. எலும்புகளின் வரிசையோ ஒன்றுதான்: மேலே ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, மணிக்கட்டில் சிற்றெலும்புகள், பிறகு விரல்கள். குரங்குக்கு ஐந்து விரல்களும் பற்றிப் பிடிக்க உதவுகின்றன. மான் மூன்றாம், நான்காம் விரல்களின் நுனிக் குளம்புகளில் நடக்கிறது. அந்த விரல்களுக்குரிய உள்ளங்கை எலும்புகள் ஒன்றாக இணைந்து நீண்டுவிட்டன. மானின் பின்னங்காலில் பின்னோக்கி மடங்கிய முழங்கால் போலத் தெரிவது உண்மையில் குதிகால். வௌவாலுக்கு நான்கு விரல்கள் மிக நீண்டு தோல் சவ்வைத் தாங்குகின்றன. கட்டைவிரல் மட்டும் குட்டையாக, நகத்தோடு வெளியே நிற்கிறது.

இத்தகையவை அமைப்பொத்த உறுப்புகள். வௌவாலின் சிறகும் வண்ணத்துப்பூச்சியின் சிறகும் பறக்க உதவினாலும், பூச்சியின் சிறகில் எலும்பு இல்லை. அவை செயலொத்த உறுப்புகள். இந்த வேறுபாட்டை 1843இல் தெளிவாக வரையறுத்தவர் ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்டு ஓவன். அமைப்பொற்றுமைக்குக் காரணம் பொது மூதாதையே என்று 1859இல் விளக்கியவர் சார்லஸ் டார்வின்.

உருவம் ஒன்று, உள்ளே வேறு

வறண்ட நிலங்களில் வளரும் சதுரக்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் சதைப்பற்றான பச்சைத் தண்டும் முள்ளுமாக ஒரே இனம் போலத் தோன்றும். சதுரக்கள்ளியைக் கீறினால் கண்ணில் பட்டால் எரியும் வெள்ளைப் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியில் அந்தப் பால் இல்லை. முன்னது ஆமணக்கின் குடும்பம். பின்னது அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு குடும்பம். நீரைச் சேமித்தாக வேண்டிய தேவை இரண்டுக்கும் ஒரே வடிவத்தைக் கொடுத்திருக்கிறது.

சாத்தனூர் முதலைப் பண்ணையில் உள்ள முதலை, பார்வைக்குப் பெரிய உடும்பு போலிருக்கும். உடும்பின் இதயத்தில் இரண்டு மேலறைகளும் (ஆரிக்கிள்) முழுதாகப் பிரியாத ஒரு கீழறையும் (வெண்ட்ரிக்கிள்) உள்ளன. முதலைக்கோ மயிலைப் போல நான்கு அறைகள். விழுங்கிய கற்களைக் கொண்ட தசைப்பற்றான இரைப்பையும் முதலைக்கும் பறவைக்கும் பொதுவானது. உடும்பைவிட மயிலே முதலைக்கு நெருங்கிய உறவு.

ஓர் உறுப்பு போதாது

நான்கு அறை இதயம் மானுக்கும் உண்டு. ஆனால் அதைப் பாலூட்டிகள் தனி வழியில் பெற்றன. ஒரே தேவை வெளியுருவை ஒத்துப்போகச் செய்வது போல, சில நேரம் உள்ளுறுப்பையும் ஒத்துப்போகச் செய்யும். அதனால் ஒற்றை உறுப்பை வைத்து உறவை முடிவு செய்வதில்லை. எலும்பு, பல், இதயம், கரு வளரும் முறை, புதைபடிவம் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, டி.என்.ஏ. வரிசையோடு ஒப்பிடுகிறார்கள். முதலையும் பறவையும் ஒரே கிளையில் வந்தவை என்பதை அந்த டி.என்.ஏ. ஒப்பீடும் உறுதி செய்திருக்கிறது.