டார்வின் நகரிற் குடியேறுதல்

நம் கல்லூரியிற் பயின்றோர் கடல் கடந்து வாழ்தல் புதிய செய்தியன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணிபுரியச் சென்றனர். இன்று அவுஸ்திரேலியாவை நாடுவோர் பலர். அந்நாட்டின் வடகோடியிலுள்ள டார்வின் நகருக்குக் குடிபெயர ஆயத்தமான பழைய மாணவரொருவர் அண்மையில் எம்மிடம் விடைபெற வந்தார். “அதுவும் வெப்பநாடுதானே, ஐயா, நம்மூர் போலத்தான் இருக்கும்” என்றார். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையிலும், டார்வின் தெற்கே ஏறத்தாழ 12 பாகையிலும் உள்ளன. ஆதலின் வெயிலும் மாமரமும் இரண்டிடத்தும் உண்டு. எனினும், டார்வின் பெரிதும் தனித்த நகரம். தென்கரையிலுள்ள அடிலெயிட்டிலிருந்து தரைவழியே ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் செல்லல் வேண்டும். 1872ஆம் ஆண்டிலேயே தந்திக் கம்பி நாட்டை ஊடறுத்து அந்நகரை அடைந்தது. தெற்கிலிருந்து புகையிரதம் வந்து சேர்ந்ததோ 2004ஆம் ஆண்டில். தன் நாட்டின் அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரினும் அயல்நாட்டுத் திலி நகரமே அதற்கு அண்மையது. தொலைவிலிருந்து வரும் பண்டங்களுக்கு விலை கூடும் என்பதைக் குடியேறுவோர் முதலில் அறிதல் நன்று.

அங்கே மே முதல் அக்டோபர் வரை வறட்சி. நவம்பர் முதல் ஏப்ரில் வரை மழை. நமக்கு வாடை வீசும் மாதங்களில் அவர்களுக்கு வடமேற்குப் பருவக்காற்று வீசும். மழைக்கு முந்திய வாரங்களே மிகக் கொடியன. முகில் திரளும்; புழுக்கம் மிகும்; மழையோ எளிதிற் பெய்யாது. அப்பொழுது கடல் நீராட அழைப்பது போலத் தோன்றும். ஆயின், அக்டோபர் முதல் மே வரை உயிர்கொல்லும் நச்சுச் சொறிமீன்கள் அந்நீரில் உலவும். முதலையோ ஆண்டு முழுவதும் உண்டு.

வந்தேறியோர் இரண்டெனக் கண்ட பருவத்தை, அந்நிலத்தின் தொல்குடிகளாகிய லரக்கியா மக்கள் ஏழாகப் பகுத்துள்ளனர். பெரும்பனிக் காலம், பெருங்காற்றுக் காலம், கொடுவாமீனும் காட்டுக் கனியும் கிடைக்குங் காலம் என அவை அமையும். கார் முதல் முதுவேனில் ஈறாக ஆறு பருவங்களை வகுத்த தமிழர்க்கு இதன் நுட்பம் எளிதிற் புலப்படும். பருவங்களின் பெயர்கள் ஓர் இனம் தன் நிலத்தோடு நெடுங்காலம் பழகிப் பெற்ற அறிவாகும்.

அவ்வறிவைப் புறக்கணித்தல் ஆபத்து. டார்வினை 1897ஆம் ஆண்டிலும் 1937ஆம் ஆண்டிலும் சூறாவளி சிதைத்தது. அடுத்த தலைமுறையினர் அதனை மறந்தனர். 1974 டிசெம்பர் தொடக்கத்தில் ஒரு சூறாவளி அண்மையில் வந்து விலகிச் சென்றது. ஆதலின் நத்தார் முன்னிரவில் விடுக்கப்பட்ட எச்சரிக்கையைப் பலர் பொருட்படுத்தவில்லை. அன்றிரவு ‘திரேசி’ வந்தது. மணிக்கு 217 கிலோமீற்றர் வேகத்தைக் காட்டியபின் காற்றுமானியே பழுதுற்றது. கூரைத் தகடுகள் ஆணிகளைச் சுற்றி மீண்டும் மீண்டும் வளைந்து வெடித்துப் பறந்தன; கூரையிழந்த சுவர்கள் சாய்ந்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நகரைவிட்டு அகற்றப்பட்டனர். 1978ஆம் ஆண்டு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதன்பின் கூரையை அத்திவாரத்தோடு உறுதியாகப் பிணைக்கும் கடுமையான கட்டட விதிகள் வகுக்கப்பட்டன, நகரம் மீண்டெழுந்தது.

ஆகவே, வெப்பநாடெல்லாம் ஒன்றென எண்ணற்க. புதிய ஊரிற் குடியேறுவோர் வேலையையும் வீட்டையும் தேடுமுன், அவ்வூரின் காற்று, கடல், மழை ஆகியவற்றின் இயல்பை அங்கு நெடுநாள் வாழ்ந்தோரிடம் மாணவராய் அமர்ந்து கேட்டறிதல் வேண்டும். எம்மிடம் விடைபெற வந்தவர்க்கு யாம் கூறியதும் இதுவே. கல்லூரியை விட்டு நீங்கினும் கற்றலை விட்டு நீங்காதவரே எவ்வூரையும் தம்மூராக்கிக் கொள்வர்.