ரேம் தீர்ந்துபோகவில்லை

"அங்கிள், எட்டு ஜீபீ போட்ட மெஷின். ப்ரௌசர் ஒன்றுதான் திறந்திருக்கு. ஃப்ரீ 312 எம்பீ எண்டு காட்டுது. இன்னொரு ரேம் வாங்கிப் போடட்டோ?"

ஹெவ்லொக் டவுனில் எங்கள் மாடிக்குடியிருப்பின் கீழ்த்தளத்துப் பிள்ளை, உயர்தர மாணவன், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றதும், பழைய மெஷினில் லினக்ஸ் ஏற்றிக்கொண்டவர்களில் அவனும் ஒருவன். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா கிட்டத்தில்தான் இருக்கிறது. இன்னும் அரை மணி நேரம் பிந்தி நான் வீட்டுக்கு வந்திருந்தால் அவன் கையில் புது ரேம் இருந்திருக்கும்.

டெர்மினலில் 'ஃப்ரீ' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தோம். மொத்தம் 7.6 ஜீபீ. 'ஃப்ரீ' என்ற பத்தியில் அவன் சொன்ன அதே 312 எம்பீ. பக்கத்தில் 'பஃப்/கேஷ்' 5 ஜீபீ. கடைசிப் பத்தியான 'அவெய்லபிள்' 4.6 ஜீபீ. அவன் பயந்தது 'ஃப்ரீ' எண்ணைப் பார்த்து. பார்க்க வேண்டியதோ கடைசி எண்.

வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கும் போட்டோகொப்பிக் கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை கடந்தகால வினாத்தாள் கேட்டால் கடைக்காரர் உள்ளே போய் அலுமாரியில் மூலத்தைத் தேடி எடுத்துக் கொப்பி அடிப்பார். அதே தாளை இன்னும் நாலு பேர் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் கூடுதலாக ஒரு கட்டு அடித்து மேசையிலேயே வைத்துவிடுவார். மேசை நிறைந்திருக்கும், ஆனால் வேறு வேலைக்கு இடம் தேவைப்பட்டால் ஒரு கட்டைத் தூக்கி எறிய அவர் யோசிக்க மாட்டார். மூலம் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறதே. டிஸ்க் அந்த அலுமாரி, ரேம் அந்த மேசை, கேஷ் அந்தக் கட்டுகள்.

அவன் நம்பவில்லை. மெஷினை 2 ஜீபீ வீடியோக் கோப்பு ஒன்றை முழுக்க வாசிக்கச் சொன்னோம். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்; இருபது வினாடி எடுத்தது. அதே கட்டளையை மறுபடி கொடுத்ததும் ஒரு வினாடிக்குள் முடிந்தது. டிஸ்க் விளக்கு மினுங்கவே இல்லை. அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

எங்கள் பக்கத்திலேயே இதற்கொரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கொழும்பில் மென்பொருள் தொண்டர்கள் சேர்ந்து 'சஹனா' என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமல்போனோர் பட்டியல், முகாம்களின் விபரம் போன்றவை ஒரே நாளில் திரும்பத் திரும்பத் தேடப்படுபவை. ஒவ்வொரு தேடலுக்கும் டிஸ்க்குக்கு ஓடினால் எந்தச் சேர்வரும் மூச்சுத் திணறும். இப்படியான வேலைக்குத்தான் கேஷ்.

'ஃப்ரீ' எண்ணைப் பார்த்து வரும் குழப்பம் பழையது. முன்பு 'ஃப்ரீ' கட்டளை காட்டியதில் இரண்டாவது வரியொன்றைப் படித்துக் கணக்குப் போட வேண்டும். பலர் வெற்றிடத்தையும் கேஷையும் கூட்டி, அவ்வளவும் கிடைக்கும் என்று நினைத்தார்கள். அது தவறு. ரேமிலேயே வாழும் டெம்ப்எஃப்எஸ் கோப்புகளும் நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகமும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். அவற்றை எறிந்துவிட முடியாது. ரிக் வான் ரீல் எழுதிய மாற்றம் 2014இல் லினக்ஸின் மையமான கெர்னலின் 3.14 பதிப்பில் சேர்ந்தபோது, எவ்வளவு உண்மையில் கிடைக்கும் என்பதைக் கெர்னலே மதிப்பிட்டுச் சொல்லத் தொடங்கியது. 'அவெய்லபிள்' பத்தி அங்கிருந்து வந்ததுதான்.

'ட்ரொப் கேஷஸ்' என்ற கோப்பில் 3 என்று எழுதினால் கேஷ் காலியாகும். இதை மணிக்கொருதரம் ஓடவிடும் சேர்வர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். மேசையைத் துடைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்காக மறுபடி அலுமாரிக்கு ஓடுகிற வேலை அது. சோதனைகளுக்காக வைத்த வசதி, பராமரிப்புக்கு அல்ல.

எறிய முடியாத கட்டு ஒன்றும் உண்டு. கடைக்காரர் கொப்பியில் பென்சிலால் திருத்தம் போட்டு, மூலத்தில் இன்னும் ஏற்றாமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? நீங்கள் எழுதும் கோப்பும் முதலில் ரேமில்தான் விழுகிறது. வழக்கமான அமைப்பில் கெர்னல் ஐந்து வினாடிக்கு ஒருமுறை விழித்து, 30 வினாடிக்கு மேல் பழையதானவற்றை டிஸ்க்கில் எழுதும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க மின்சாரம் போனதே, அந்தக் கணத்தில் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினிகளில் அரைகுறையாக நின்றவை இப்படி டிஸ்க்கில் இன்னும் ஏறாத தரவுகள்தான். பென் ட்ரைவில் கொப்பி முடிந்துவிட்டதென்று திரை சொன்ன பிறகும் 'இஜெக்ட்' கொடுத்தால் நேரம் எடுப்பது இதனால்தான். அந்த நேரத்தை அவசரப்பட்டுப் பறிக்காதீர்கள். பரீட்சைக்கு முதல்நாள் கையேடு திறக்கவில்லை என்று அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ரேம் உண்மையிலேயே போதாமல் போகும்போது அறிகுறி வேறு. 'அவெய்லபிள்' சில நூறு எம்பீக்கு இறங்கும். 'வீஎம்ஸ்டாட்' கட்டளையில் ஸ்வாப் (ரேமில் இடமில்லாமல் டிஸ்க்குக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதும்) பத்திகள் இரண்டும் பூச்சியத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மவுஸ் திக்கும். கடைசியில் கெர்னல் ஒரு நிரலைத் தானே கொன்றுவிடும். பெரும்பாலும் ப்ரௌசர்தான் பலியாகும். அந்த நிலை வந்தால் ரேம் வாங்குங்கள்.

அவனுடைய மெஷினில் இதில் ஒன்றுமில்லை. "அப்ப ஏன் அங்கிள் காலையில மட்டும் இவ்வளவு ஸ்லோ?" என்றான். இரவில் அணைக்கிறான், கேஷ் அழிந்துபோகிறது. காலையில் எல்லாவற்றையும் அந்தச் சுழலும் டிஸ்க்கிலிருந்து முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருக்கிறது. காசு செலவழிப்பதென்றால் எஸ்எஸ்டிக்குச் செலவழி, அதுவரை அணைக்காமல் மூடியை மட்டும் மூடி வை என்றேன். சஸ்பெண்டில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், மேசை கலையாது. நாலு நாள் கழித்துப் படிக்கட்டில் கண்டபோது சொன்னான்: "இப்ப திறந்த உடனே ரெடியா நிக்குது அங்கிள். ஃப்ரீ 190 எம்பீதான்."