சிதறியவர்களைக் கூட்டிச் சேர்க்கும் ஆண்டவர்

கி.மு. 586-இல் பாபிலோனிய மன்னர் நெபுகத்னேசரின் படை எருசலேமைத் தீக்கிரையாக்கியது. ஆலயம் அழிந்தது. அரசர் செதேக்கியாவின் கண்களைப் பிடுங்கி, விலங்கிட்டு, பாபிலோனுக்குக் கொண்டு போனார்கள். எத்தனை பேர் நாடுகடத்தப்பட்டனர்? எரேமியா நூலின் இறுதி அதிகாரம் மூன்று முறையாக 3,023, 832, 745 என்று எண்ணி, மொத்தம் 4,600 பேர் என்கிறது. அரசர்கள் நூல் இதைவிடக் கூடுதலாகச் சொல்கிறது. எண்ணிக்கை எதுவானாலும், நாடு, அரசு, ஆலயம் ஆகிய மூன்றையும் ஒருசேர இழந்த அந்த மக்களின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. நாம் இனியும் கடவுளின் மக்கள்தானா?

கெபார் ஆற்றங்கரையில் அடிமைகளோடு அடிமையாக வாழ்ந்த எசேக்கியேல் இதற்குப் பதில் சொல்கிறார் (எசே 34). மந்தை சிதறியதற்கு அவர் முதலில் ஆடுகளைக் குறை கூறவில்லை. கொழுத்ததை அடித்துத் தின்றுவிட்டு, நலிந்ததைத் தேடாமல் விட்ட ஆயர்களையே குற்றம் சாட்டுகிறார். ஆயர்கள் என்று அவர் சொல்வது நாட்டின் தலைவர்களை. இனி ஆண்டவரே நேரில் வந்து தம் ஆடுகளைத் தேடுவார் என்கிறார். புனித அகுஸ்தீனார் இந்த அதிகாரத்தை விளக்கி ஆற்றிய நீண்ட மறையுரை, திருப்புகழ்மாலையில் இன்றும் வாசிக்கப்படுகிறது. பொறுப்பில் இருப்போருக்கு அது இதமான வாசகம் அல்ல.

சரி, ஆண்டவர் யாரைக் கூட்டிச் சேர்க்கிறார்? பாபிலோன் யாரைக் கொண்டுபோனது என்பதை முதலில் பார்ப்போம். கி.மு. 597-இல் நடந்த நாடுகடத்தலில் போர்வீரர்கள், கைவினைஞர்கள், கொல்லர்கள் எனப் பயன்படக்கூடியவர்களைப் பொறுக்கி எடுத்துச் சென்றார்கள். பரம ஏழைகளை விட்டுவிட்டார்கள் (2 அர 24). எரேமியா காணும் திரும்புதலோ வேறு விதமானது. பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், கருவுற்ற பெண்கள், பேறுகால வேதனையில் இருப்போர் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் நடக்கிறார்கள் (எரே 31:8). பிற்காலத்தில் எஸ்ராவுடன் புறப்பட்டவர்களுக்கே பாபிலோனிலிருந்து எருசலேம் வந்து சேர நான்கு மாதம் பிடித்தது. அப்படியானால் எரேமியா காட்டும் இந்தக் கூட்டம் எவ்வளவு மெதுவாக நடந்திருக்கும்! ஆண்டவர் அவர்களின் நடைக்கு ஏற்பவே நடக்கிறார். நீரோடைகளின் ஓரமாக, இடறாத சமமான வழியில் அவர்களை நடத்துகிறார்.

பாரசீக மன்னர் சைரசு கி.மு. 538-இல் அவர்கள் திரும்பிச் செல்ல அனுமதி கொடுத்தார். ஆனால் எல்லாரும் புறப்பட்டுவிடவில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள் என்று எரேமியா எழுதிய கடிதத்தின்படி பலர் அங்கேயே வேரூன்றியிருந்தனர். இன்றைய ஈராக் பகுதியில் கிடைத்த களிமண் ஏடுகளில் 'யூதாவின் ஊர்' என்ற பெயரே காணப்படுகிறது. அங்கே யூதர்கள் நிலம் உழுததையும் வரி கட்டியதையும் அந்த ஏடுகளிலிருந்து அறிகிறோம்.

திரும்பி வந்தவர்களின் பட்டியலை எஸ்ரா நூல் தருகிறது. 42,360 பேர், 736 குதிரைகள், 6,720 கழுதைகள். (குடும்பம் குடும்பமாகக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 30,000 தான் வருகிறது என்பது வேறு கதை.) இந்தப் பட்டியலின் நடுவில் மனதை உறுத்தும் ஒரு செய்தி உண்டு. தங்கள் வழிமரபை நிரூபிக்க முடியாத 652 பேரும் அவர்களோடு வந்திருந்தார்கள். குருக்களின் குடும்பங்கள் சிலவற்றின் பெயர் பதிவேட்டில் இல்லாததால், அவர்கள் குருத்துவப் பணியினின்று விலக்கி வைக்கப்பட்டனர். இத்தனை தூரம் நடந்து வந்தபின், வாசலில் நிறுத்தப்படுவது எப்படி இருந்திருக்கும்? பங்குப் பதிவேட்டில் பெயர் இல்லாததால் ஆலயத்தின் கடைசி வரிசையில் தயங்கி நிற்பவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

அடையாளத்தைக் காத்துக்கொள்ள அந்தச் சிறு கூட்டத்திற்குப் பதிவேடு தேவைப்பட்டது. அதை நாம் எளிதில் பழித்துவிட முடியாது. எனினும் அதே விவிலியத்தில் எசாயா 56-ஆம் அதிகாரமும் இருக்கிறது. அங்கே பிற இனத்தாரும் அண்ணகரும் ஆண்டவரின் இல்லத்திற்குள் வரவேற்கப்படுகின்றனர். ஏற்கெனவே சேர்க்கப்பட்டவர்களோடு இன்னும் பிறரையும் சேர்ப்பதாக ஆண்டவர் வாக்களிக்கிறார்.

யோவான் நற்செய்தியாளர் இந்த வாக்குறுதியை இயேசுவின் சாவோடு இணைக்கிறார் (யோவா 11:52). இனம் முழுவதும் அழியாதபடி ஒருவர் சாகட்டும் என்று கயபா கணக்குப் போடுகிறார். இயேசு அந்த இனத்துக்காக மட்டுமன்றி, சிதறிக்கிடக்கும் கடவுளின் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்க்கவும் சாகப்போகிறார் என்று யோவான் அதற்கு விளக்கம் எழுதுகிறார். திருப்பலியின் மூன்றாம் நற்கருணை மன்றாட்டில் அருள்பணியாளர் கைகளை விரித்து, எங்கும் சிதறியிருக்கும் பிள்ளைகளுக்காக வேண்டும்போது கேட்பதும் இதைத்தான்.