உறைமோரைக் காய வைக்கலாமா?

"டாக்டர் சார், மருந்துக்கு வரலை. ஒரு சந்தேகம்" என்றபடி உட்கார்ந்தார் அந்த அம்மாள். நெய்வேலி டவுன்ஷிப்வாசி. கல்யாணமாகி வந்தபோது பண்ருட்டியிலிருந்து தாயார் கொடுத்தனுப்பிய உறைமோரை முப்பது வருஷமாக விடாமல் காத்து வந்தவர். தாயார் இப்போது இல்லை.

மகள் பிரசவத்துக்காக மூன்று மாதம் டில்லி போக வேண்டியிருந்தது. தயிரை எவர்சில்வர் தட்டில் தடவி, மே மாத வெயிலில் மொட்டை மாடியில் காய வைத்து, பொடித்து டப்பாவில் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பாலில் கலந்தால், தோயவே இல்லை!

"வத்தல் மாதிரிதானே சார் காய வெச்சேன்? அம்மாவையே ரெண்டாவது தடவை தொலைச்ச மாதிரி இருக்கு."

தப்பு அங்கேதான். வற்றலில் உயிர் வேண்டாம்; உறையில் உயிர்தான் வேண்டும். பாலைத் தயிராக்குபவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். ஈரம் வற்றினால் அவற்றில் பல உறங்கும். சூடு ஏறினால் செத்தே போகும். மேல்நாட்டில் ரொட்டிக்கான புளித்த மாவையும் மெல்லிசாகத் தடவி, சூடு படாமல்தான் உலர்த்தி வைக்கிறார்கள். மணமுள்ள மூலிகை இலைகளை நிழலில் உலர்த்து என்று சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் இதே காரியம்தான்.

எப்படிச் செய்வது?

1. முதல் நாள் தோய்த்த, அதிகம் புளிக்காத தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜில் வைத்து நீரை வடியுங்கள்.

2. வெந்நீரில் கழுவித் துடைத்த தட்டில் மெல்லிசாகத் தடவி, வலைத்துணியால் மூடி, நிழலில் ஃபேனுக்கடியில் வையுங்கள். மழை நாளில் வேண்டாம்.

3. அப்பளம் போல ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது.

4. பொடித்து, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி, தேதி எழுதி ஃப்ரீஸரில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுசாகச் செய்துகொள்வது நல்லது.

திரும்ப எழுப்ப, காய்ச்சி ஆற வைத்த வெதுவெதுப்பான பால் கால் டம்ளரில் ஒரு ஸ்பூன் பொடி. முதல் தடவை மெதுவாகத் தோயும், நீர்த்தும் இருக்கும். அதைச் சாப்பிடாமல் அடுத்த பாலுக்கு உறையாக்குங்கள். இரண்டு மூன்று தடவையில் பழைய கெட்டி வந்துவிடும். ஒரு நாளாகியும் தோயவில்லையா? ரோஸ், பச்சை, கறுப்பு நிறமோ, கெட்ட வாடையோ தெரிகிறதா? ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

அந்த அம்மாளிடம் கடைசியாகக் கேட்டேன்: "யாருக்காவது உறை கொடுத்திருக்கீங்களாம்மா?"

யோசித்தார். முகம் மலர்ந்தது. "எதிர் வீட்டுக்குக் கொடுத்திருக்கேன் சார்! அவங்க இன்னும் அதுலதான் தோய்க்கிறாங்க!"

பாட்டிலில் வையுங்கள். அப்படியே பக்கத்து வீட்டிலும் ஒரு கரண்டி கொடுத்து வையுங்கள்.