மந்தர ஸ்தாயி பிறக்கும் விதம்

தம்புராவின் நான்காவது தந்தியை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். மத்திய ஸ்தாயி ஸட்ஜத்தின் சரிபாதி வேகத்தில் அதிர்ந்து, மற்றத் தந்திகளைத் தாங்கி நிற்பது அது. மின்சாரத்தால் நாதம் எழுப்பும் சிந்தசைசருக்கும் அத்தகைய அடித்தளம் வேண்டும். 1969-ஆம் ஆண்டில் ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைஞர் டேவிட் ட்யூடர் மூக் சிந்தசைசர் ஒன்றை அமைத்தார். அவ்வகைக் கருவியில் அலையைப் பிறப்பிக்கும் உறுப்பே ஆஸிலேட்டர்.

கீழ் ஸ்தாயிக்கு இன்னோர் ஆஸிலேட்டரை வைத்தால் என்ன? உஷ்ணம் மாறும்போது இரண்டும் ஒரே அளவில் நகர்வதில்லை. சற்று நேரத்தில் சுருதி பிசகும். ஆகவே புதிய அலையைப் படைக்காமல், இருக்கும் அலையை எண்ணிப் பாதியாக்குகிறோம்.

கயிற்றை இழுத்து ஏற்றும் மின்விளக்கை நினைத்துப் பாருங்கள். ஓர் இழுப்புக்கு எரியும்; மறு இழுப்புக்கு அணையும். இரண்டு இழுப்புக்கு ஒரு சுற்று. 4013 என்னும் ஐ.சி.யில் இவ்வாறு இயங்கத்தக்க ஃப்ளிப்-ஃப்ளாப்புகள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றிலும் தலைகீழ் வெளியீட்டை 'டி' முனையோடு இணைத்து, 'செட்', 'ரீசெட்' முனைகளைத் தரையோடு சேர்க்க வேண்டும். முதலாவதன் வெளியீட்டை இரண்டாவதன் கடிகார முனைக்குக் கொடுத்தால், 440 அதிர்வு 220 ஆகும்; பின்னர் 110 ஆகும்.

உள்ளே செல்லும் அலை செங்குத்தாக ஏறும் சதுர அலையாக இருத்தல் அவசியம். மந்தமாக ஏறினால் ஒரு சுற்று இரண்டாக எண்ணப்படக்கூடும். 12 வோல்ட்டில் இயங்கும் இந்த ஐ.சி.க்குள் எதிர்மின்னழுத்தம் புகுந்தால் அது பழுதாகிவிடலாம். ஆதலால் கடிகார முனைக்கு முன் 1 லட்சம் ஓம் மின்தடை ஒன்றை வைத்து, அம்முனைக்கும் தரைக்கும் இடையே ஒரு டையோடைக் கட்டுக. அதன் கோடிட்ட முனை ஐ.சி.யின் பக்கம் இருக்கட்டும்.

ஸ்தாயி கிடைத்தது, இனி நாதத்தின் குணம். ஆஸிலேட்டரின் முக்கோண அலையை 1 வோல்ட் உச்சத்திற்குக் குறைத்து, 10,000 ஓம் மின்தடை வழியே செலுத்தி, எதிரெதிராகத் திருப்பிய இரு ஸிலிக்கான் டையோடுகளைத் தரைக்குக் கட்டுங்கள். அரை வோல்ட்டை நெருங்குகையில் டையோடுகள் மெல்ல வழிவிட, கூரிய முனைகள் மழுங்கி, ஒலி புல்லாங்குழல் போல் மென்மையாகும். உச்சத்தை உயர்த்தினால் அலை சதுரத்தை நெருங்கி, ஒலி கரகரக்கும். ஸ்வரமோ மாறுவதில்லை.

இரண்டையும் கலந்து, ஆஸிலேட்டரின் குமிழைத் திருப்பிப் பாருங்கள். மேல் ஸ்வரம் எங்கே சென்றாலும் கீழ் ஸ்வரம் நிழல்போல் உடன் செல்லும். மேல் ஸ்வரமே உஷ்ணத்தால் நகர்ந்தாலும், அவ்விரண்டின் உறவு குலையாது. தனியே பிறந்த நாதத்தைச் சுருதி சேர்க்கவேண்டும். எண்ணிப் பெற்ற நாதம் சுருதியோடேயே பிறக்கிறது.