கோழிக்கும் அன்றன்றைய தீன்

வளவிலே நாலு பேடுகள் நின்றால் பிள்ளையின் கோப்பைக்கு முட்டையும், அவசரத்துக்குக் கையில் கொஞ்சக் காசும் கிடைக்கும். இடம்பெயர்ந்து வந்து, சிறு காணித் துண்டொன்றில் மீண்டும் தொடங்கும் குடும்பத்துக்குக் கோழி நல்லதொரு தொடக்கம். ஆனால் தீனுக்கு எங்கே போவது?

கடைத்தீனை மட்டும் நம்புவது ஆபத்து என்பதை 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நமக்குக் காட்டியது. சோளமும் கோழித்தீனும் அரிதாகி விலை ஏறியபோது, பலர் கோழிகளை விற்றுவிட்டார்கள். வளவிலும் வேலியிலும் கிடைப்பதை அறிந்து கொடுத்தவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். ஆகவே எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது, எப்படிக் கொடுக்க வேண்டும் என்பவற்றைப் பார்ப்போம்.

எவ்வளவு வேண்டும்?

முட்டையிடும் பண்ணைக் கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை உலர்ந்த தீன் தின்னும். ஊர்க்கோழி உருவில் சிறியது. அதற்கு இதைவிடக் குறைவாகவே வேண்டும். அவிழ்த்து விட்டால் ஒரு பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். அடைத்து வளர்த்தால் முழுவதையும் நாமே கொடுக்க வேண்டும்.

குருணல், தவிடு, சோளம் என்பன உடலுக்குச் சக்தி தருபவை. எள்ளுப் புண்ணாக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு, அவித்த மீன்தலை, கறையான் என்பன புரதம் தருபவை. இலைகுழை விற்றமின் தரும். இலைகுழையை மட்டும் தின்று கோழி முட்டையிடாது. மாடு போல நாரைச் செரிக்க அதனால் இயலாது.

பச்சைத் தீன்

முருங்கை, பசளி, பொன்னாங்காணி யாவும் நல்லவை. உலர்ந்த முருங்கை இலையில் ஏறக்குறைய காற்பங்கு புரதமே. இவற்றைத் தின்னும் பேட்டின் முட்டைக் கரு நல்ல மஞ்சளாக இருக்கும். காலையில் முறித்த குழையை அன்றே கொடுங்கள். ஒரு பிடியாகக் கட்டி, கோழியின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். நிலத்தில் போட்டால் மிதித்து எச்சத்தோடு சேர்த்துவிடும். நீளமான புல் தீன்பையில் சிக்கி அடைத்துக்கொள்ளும், நறுக்கியே போடுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள்: இப்பில் இப்பில் இலையில் மைமோசின் என்னும் நச்சு உண்டு, மிகச் சிறிதளவுக்கு மேல் வேண்டாம். மரவள்ளி இலையையும் தோலையும் பச்சையாகக் கொடாதீர்கள். நறுக்கி நன்றாக வெயிலில் உலர்த்துங்கள். கிருமிநாசினி அடித்த வெங்காய, மிளகாய்த் தோட்டங்களில் பிடுங்கிய களையைக் கூட்டுக்குள் போடவே வேண்டாம்.

“கோழிக்குத்தானே!”

மழையில் நனைந்த அரிசி, பூஞ்சணம் பிடித்த கச்சான் புண்ணாக்கு, கட்டிபட்ட தவிடு ஆகியவற்றைக் கண்டால், “கோழிக்குத்தானே, போடுவம்” என்கிறோம். வறுமையில் எதையும் எறிய மனம் வராது என்பது உண்மை. ஆயினும் இந்த ஒன்றை எறிந்தே ஆகவேண்டும்.

1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் திடீரென மடிந்தன. ஆராய்ந்தபோது, தீனில் கலந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த ஒரு பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் எனக் கண்டார்கள். அதுதான் அஃபுளாரொக்சின். சமைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. நல்ல தீனோடு கலந்தாலும் இல்லாமற் போகாது. ஈரலைக் கெடுக்கும், முட்டையைக் குறைக்கும், முட்டை வழியாகவும் ஈரல் வழியாகவும் நம் பிள்ளைகளின் கோப்பைக்கும் வரக்கூடும். ஆகவே அதைப் பசளைக் குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள்.

வருமுன் காப்பதே மலிவு. தானியத்தைக் கடித்தால் ‘டக்’ என்று முறியும் வரை உலர்த்துங்கள். மாரி காலத்தில் சாக்கை நிலத்திலும் சுவரோடும் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். தவிட்டில் எண்ணெய் உண்டு. அது விரைவில் காறிப்போகும். ஆகையால் இரண்டு கிழமைக்குப் போதுமானதை மட்டும் வாங்குங்கள்.

கொடுக்கும் முறை

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது கோழிக்கும் பொருந்தும். பால் பிழிந்த தேங்காய்ப்பூவும், தண்ணீரில் குழைத்த தவிடும் சில மணி நேரத்தில் புளித்துவிடும். அரைமணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவே குழையுங்கள்; மிச்சத்தை எடுத்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். உப்புக் கூடிய கறியும் கருவாடும் குஞ்சுகளுக்கு ஆகாது. தீன்பாத்திரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிரப்பினால் கிளறிச் சிந்திவிடும்.

முட்டைக்கோதுக்குக் கல்சியம் தேவை. ஊரி, சிப்பி, அவித்த முட்டையின் கோது ஆகியவற்றை இடித்து, ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள்; தேவைப்படும் பேடு தானே கொத்தும்.

குஞ்சுகளுக்குக் கறையான் அருமருந்து. பழைய பானையில் ஈர வைக்கோலும் சாணமும் இட்டு, மாலையில் கறையான் வாயின் மேல் கவிழ்த்து வையுங்கள். காலையில் தட்டிக் கொட்டினால் செலவில்லாப் புரதம்.

தண்ணீரை மறவாதீர்கள். ஒரு பேடு கால் லீற்றர் வரை குடிக்கும். வெயிலில் இன்னும் கூட. நிழலில் வைத்து, காலையும் மாலையும் மாற்றுங்கள்.

இன்று மாலை கோழிகளை அடைக்கும்போது ஒவ்வொன்றின் கழுத்தடியையும் தடவிப் பாருங்கள். தீன்பை நிறைந்திருந்தால் அன்றைய தீன் போதும். வெறுமையாயிருந்தால், நாளைக்கு இன்னுமொரு பிடி குருணல் வேண்டும்.