சேரிக்குப் பொருள் பிரெஞ்சிலா இருக்கிறது?

எங்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைக்காரர் ஒருவர் தன் கூட்டாளியை, "வாடா கஸ்மாலம், டீ சாப்ட்டியா?" என்பார். அவரும் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போடுவார். அதே சொல்லை முன்பின் தெரியாத ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், சட்டை மிஞ்சாது. வடமொழியில் அழுக்கைக் குறிக்கும் சொல். அகராதிக்கு இரண்டு இடமும் ஒன்றுதான்.

2023 நவம்பரில் நடிகை குஷ்பு, எக்ஸ் தளத்தில் தன்னைச் சீண்டியவருக்கு, 'உங்கள் சேரி மொழியில் எனக்குப் பேச வராது' என்ற பொருளில் பதில் எழுதினார். கண்டனம் கிளம்பியது. கிண்டலாகச் சொன்னேன், பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அன்புக்குரியவர் என்று பொருள் என்றார். வேளச்சேரி, செம்மஞ்சேரி என்ற ஊர்ப்பெயர்களும்கூட வாதத்துக்கு இழுக்கப்பட்டன.

அகராதிப்படி எல்லாம் சரி. பழந்தமிழிலும் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் தெரு, குடியிருப்பு. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்காகக் குடியமர்த்திய 400 ஆடல் மகளிர், கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள். ஆனால் அதே கோயில் கல்வெட்டில் தீண்டாச்சேரியும் இருக்கிறது! ஆயிரம் ஆண்டுக்கு முன்பே முன்னொட்டு மாறினால் ஆளின் மதிப்பும் மாறியது.

சேரியோடு 'மொழி'யும், 'எனக்கு வராது' என்பதும் சேர்ந்த பிறகு பிரெஞ்சுக்கு அங்கே என்ன வேலை? "உங்க ஏரியா பாஷை" என்று இழுக்கிற இழுப்பை வேலை பார்த்த இடங்களில் கேட்டு வளர்ந்த வடசென்னைக்காரனுக்கு அகராதி தேவைப்படாது.

சொல்லுக்காக மல்லுக்கட்டும் நண்பர்களே, அகராதிப் பக்கத்தைப் படம்பிடித்து ஒட்டும்போது முழு வாக்கியத்தையும், அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து ஒட்டுங்கள்.